வானோடி யார்? கிங்ஸ்பரி விமானத் திடலும் ஆண், பெண் வரையறைகளும்

லண்டன் மாநகரின் வடமேற்கில், பிரென்ட் நகராட்சிக்குள் இருக்கிறது கிங்ஸ்பரி. கிழக்கே எட்ஜ்வேர் சாலை. ஊரிலிருந்து வடக்கே எட்ஜ்வேர் நோக்கிப் போகும் ஸ்டாக் லேன். ஈழத் தமிழரும் குஜராத்தியரும் நிறைந்து வாழும் இந்த வட்டாரம் நூறு ஆண்டுகளுக்கு முன்பு பெரும்பாலும் புல்வெளி. அந்தப் புல்வெளியில்தான் பிரிட்டனின் விமானத் தொழில் வளர்ந்தது. ஸ்டாக் லேனை ஒட்டிய நிலத்தை 1915-இல் லண்டன் அண்ட் புரொவின்ஷியல் என்ற பறப்புப் பயிற்சி நிறுவனம் வாங்கியது. 1920-இல் ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் தம் புதிய கம்பெனியை அங்கே தொடங்கினார். 1925 முதல் சுமார் எட்டு ஆண்டுகள், பறக்கக் கற்ற பிரிட்டிஷ் பெண்களில் புகழ்பெற்ற பலருக்கு அதுவே பள்ளிக்கூடம்.

அவர்கள் பறப்பதற்குத் தடையாக இருந்தவை காற்றும் எஞ்சினும் மட்டுமல்ல. 'ஆள்', 'ஆண்', 'பெண்', 'வழக்கமாக ஆண் செய்யும் வேலை' என்று சட்டமும் ஒப்பந்தமும் விதிமுறையும் எழுதிவைத்த சொற்களும் தடையாக இருந்தன. அந்தச் சொற்களுக்கு யார் பொருள் சொன்னார்கள், அந்தப் பொருள் எப்போது மாறியது என்பதைப் பொறுத்தே ஒரு பெண்ணுக்கு உரிமமும் கூலியும் பதவியும் கிடைத்தன, அல்லது கிடைக்காமல் போயின.

கதை விமானத்துக்கும் முந்தியது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1850-இல் ஒரு சுருக்கச் சட்டம் இயற்றியது. இனிமேல் எந்தச் சட்டத்திலும் ஆண்பாற் சொல் வந்தால், வேறு விதமாக வெளிப்படையாகச் சொல்லப்படாதவரை, அது பெண்ணையும் குறிக்கும் என்பது அதன் சாரம். காகிதமும் மையும் மிச்சப்படுத்துவதே அதன் நோக்கம். ஆனால் 1867-இல் வாக்குரிமைச் சட்டம் 'ஒவ்வொரு ஆணும்' என்று எழுதியபோது, மான்செஸ்டர் பெண்கள் ஆயிரக்கணக்கில் தங்கள் பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்க்கக் கோரினார்கள். 1850-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தச் சொல் தங்களையும் குறிக்கும் என்பது அவர்கள் வாதம். சோர்ல்ட்டன் எதிர் லிங்ஸ் என்ற அந்த வழக்கில் 1868-இல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. பெண்ணிடம் வரி கேட்கும்போது அவளையும் உள்ளடக்கிய ஆண்பாற் சொல், அவள் வாக்குக் கேட்டபோது அவளை வெளியே நிறுத்தியது. 1913-இல் வழக்கறிஞர் தொழிலில் நுழைய முயன்ற க்வினெத் பெப்புக்கும் இதே கதிதான். வழக்கறிஞர் சட்டத்திலேயே ஆண்பாற் சொல் பெண்ணையும் குறிக்கும் என்று எழுதியிருந்தது. ஆனால் அதுவரை எந்தப் பெண்ணும் அத்தொழில் செய்ததில்லை என்ற வழக்கம், எழுத்தைவிட வலியது என்று நீதிபதிகள் தீர்த்தார்கள். பழக்கத்தைக் காட்டிச் சொல்லின் பொருளைச் சுருக்கும் இந்த முறை பின்னால் விமானத் தொழிற்சாலையிலும் தலைகாட்டியது.

கிங்ஸ்பரியின் எல்லையில், எட்ஜ்வேர் சாலையில் உள்ள தி ஹைட் என்ற இடத்தில் ஜார்ஜ் ஹோல்ட் தாமஸ் 1912-இல் தொடங்கியது ஏர்கோ என்று அழைக்கப்பட்ட விமான உற்பத்திக் கம்பெனி. டி ஹாவிலண்ட் முன்பு அங்கேதான் வடிவமைப்பாளராக இருந்தார். முதல் உலகப்போரில் அவருடைய டி.எச். 2, டி.எச். 4, டி.எச். 9 விமானங்கள் அங்கிருந்து போயின. போர் முடியும் தறுவாயில் உலகிலேயே மிகப் பெரிய விமானக் கம்பெனி தாங்களே என்று ஏர்கோ சொல்லிக்கொண்டது. தொழிலாளர் குடியிருக்க அரசே கிங்ஸ்பரியில் ரோ கிரீன் கிராமத்தைக் கட்டியது. பொதுப்பணி அலுவலகத்தின் ஃபிராங்க் பெய்ன்ஸ் வடிவமைத்த அந்த வீடுகள் இன்றும் பாதுகாக்கப்பட்ட பகுதியாக நிற்கின்றன.

அக்காலத்து விமானம் மரச்சட்டமும் துணியுமாக இருந்தது. துணியை வெட்டித் தைத்துச் சட்டத்தின் மேல் இழுத்துப் போர்த்தி, அது விறைக்க மேலே ஒரு பசை பூசுவார்கள். தையல் என்றதும் அது 'பெண் வேலை' ஆயிற்று. கடைசல் எந்திரமும் அரமும் 'ஆண் வேலை' ஆயின. ஆண்கள் போருக்குப் போகப் போக இந்த எல்லை நிலைக்கவில்லை. 1915 அக்டோபரில் வெடிமருந்து அமைச்சகம் எல்-2 என்ற சுற்றறிக்கையை வெளியிட்டது. முழுத் தேர்ச்சி பெற்ற தொழிலாளர் வழக்கமாகச் செய்யும் வேலையைப் பெண் செய்தால் அவளுக்கும் அதே கூலி. மற்றபடி ஆண் வேலையில் அமர்த்தப்படும் பெண்ணுக்கு வாரம் 1 பவுண்ட். படிக்கும்போது நியாயமாகத் தெரியும் இந்த ஏற்பாட்டின் உயிர் 'வழக்கமாக' என்ற ஒரே சொல்லில் இருந்தது. முதலாளிகள் ஒரு வேலையை நான்கு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் ஒரு பெண்ணிடம் கொடுத்தார்கள். முழு வேலையைத்தான் ஆண் வழக்கமாகச் செய்துவந்தான். துண்டை அவன் செய்ததில்லை. ஆகவே அது 'வழக்கமாக ஆண் செய்யும் வேலை' அல்ல. கை செய்தது அதே வேலை. பெயர் மாறியதால் கூலி இறங்கியது. 1919-இல் போர் அமைச்சரவையின் குழு பெண் தொழிலாளர் பற்றி அறிக்கை தந்தபோது, பியட்ரிஸ் வெப் தனியாக ஒரு மாற்று அறிக்கை எழுதினார். கூலியை ஆணுக்கு இவ்வளவு, பெண்ணுக்கு இவ்வளவு என்று பிரிக்காமல் வேலைக்கு இவ்வளவு என்று வகுக்க வேண்டும் என்றார் அவர். அன்று யாரும் அதை ஏற்கவில்லை.

அதே 1919-இல் ஆண், பெண் வேறுபாட்டைக் காரணம் காட்டி எவரையும் பொதுப் பதவியிலிருந்தோ தொழிலிலிருந்தோ விலக்கக்கூடாது என்று நாடாளுமன்றம் சட்டம் செய்தது. 'ஆள்' என்ற சொல் ஒருவழியாகப் பெண்ணையும் ஏற்றுக்கொண்டதாகத் தோன்றியது. ஆனால் போருக்கு முந்திய தொழிற்சாலை வழக்கங்களை மீட்கும் இன்னொரு சட்டமும் அதே ஆண்டில் வந்து, போர்க்கால வேலைகளிலிருந்து பெண்களை வெளியே அனுப்பியது. கதவைத் திறக்கும் சட்டமும் மூடும் சட்டமும் ஒரே அவையிலிருந்து வந்ததைக் கவனிக்க வேண்டும். 1919 ஜூனில் பெண் பொறியாளர் சங்கம் தோன்றியதற்கு இந்த வெளியேற்றமே காரணம்.

வானத்தில் நிலைமை இன்னும் மோசம். பிரான்சின் ரேமோண்ட் தெ லரோஷ் 1910-லும் பிரிட்டனின் ஹில்டா ஹியூலெட் 1911-லும் பறப்புச் சான்றிதழ் வாங்கிவிட்டார்கள். அப்போது விதிகள் பாலைப் பற்றிப் பேசவில்லை. பறப்பது வீர விளையாட்டாக இருந்தவரை யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. பயணிகளைக் கூலிக்கு ஏற்றிச் செல்லும் தொழிலாக அது மாறியதும் வரையறை வந்தது. 1919 பாரிஸ் ஒப்பந்தத்தின் கீழ் அமைந்த பன்னாட்டு வான்போக்குவரத்து ஆணையம் 1924-இல், பொதுப் போக்குவரத்து விமானத்தை இயக்கும் பணியாளர் ஆணாக இருக்க வேண்டும் என்று தீர்மானித்தது. கை, கால், கண், காது ஆகியவை பழுதில்லாமல் இருக்கவேண்டும் என்ற உடல்தகுதிகளோடு ஆண்பாலும் ஓர் உடல்தகுதியாகச் சேர்க்கப்பட்டது. மாதவிலக்கு நாள்களில் பெண்ணின் நிதானத்தை நம்பமுடியாது என்பதே மருத்துவர்கள் சொன்ன காரணம். ஆய்வு செய்து கண்ட முடிவல்ல அது. அனுமானத்தை வரையறைக்குள் வைத்துவிட்டார்கள். 'பெண் பறக்கலாமா?' என்று ஒரு கேள்வி எழுந்தால் வாதிடலாம். 'விமானி என்றால் தகுதியுள்ள ஆண்' என்று எழுதிவிட்டால் கேள்வியே எழாது.

இந்தத் தீர்மானம் வந்த அடுத்த ஆண்டுதான் ஸ்டாக் லேன் பெண்களுக்குத் திறந்தது. 1925 பிப்ரவரி 22 அன்று டி ஹாவிலண்ட் தம் டி.எச். 60 மாத் விமானத்தை அங்கே முதன்முதலாகப் பறக்கவிட்டார். இருவர் உட்காரும், இறக்கைகளை மடித்துக் கொட்டகையில் நிறுத்தக்கூடிய, எளிதில் ஓட்டக்கூடிய விமானம் அது. வான்துறை அமைச்சகம் உதவிப்பணம் தந்து சிறு விமானக் கழகங்களை ஊக்குவித்தது; சிவில் விமானத் துறை இயக்குநர் செஃப்டன் பிராங்கர் அதில் முனைப்பாக இருந்தார். லண்டன் விமானக் கழகம் 1925 ஆகஸ்டில் ஸ்டாக் லேனில் தொடங்கியபோது, அதன் முதல் பெண் உறுப்பினராகச் சேர்ந்தவர் சோஃபி எலியட்-லின். பின்னாளில் மேரி ஹீத் சீமாட்டி என்று உலகம் அறிந்தவர் இவரே.

அயர்லாந்தின் லிமரிக் மாவட்டத்தில் 1896-இல் பிறந்த இவர் ஈட்டி எறியும் வீராங்கனை. 1922-இல் பெண்கள் தடகளச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஓட்டமும் தாண்டலும் பெண்ணுடலுக்குக் கேடு என்று சொன்ன மருத்துவர்களோடு அவர் முன்பே மோதியிருந்தார். எனவே விமான ஆணையத்தின் காரணம் அவருக்குப் புதிதல்ல. வாதத்தைவிடச் சோதனையே நல்லது என்று அவர் முடிவு செய்தார். தம்மையே ஆணையத்தின் சோதனைக்கு ஒப்படைத்து, மாதவிலக்கு நாள்களிலும் பறந்து காட்டினார். 1926-இல் தடை நீங்கியது. அவர் வணிக விமானி உரிமம் பெற்றார். 1928-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து லண்டனுக்குத் தனியே பறந்து வந்தார். ஒரு பன்னாட்டு விதியின் சொல் இரண்டே ஆண்டுகளில் மாறியது அரிது. அதற்குக் காரணம் தெளிவு: 'ஆண்பால்' என்ற சொல் மறைத்து வைத்திருந்த அனுமானத்தை அவர் வெளியே எடுத்து, சோதித்துப் பார்க்கக்கூடிய ஒன்றாக ஆக்கினார். ஸ்டாக் லேனில் நடந்தவற்றுள் இதுவே மிகப் பெரியது. பின்னால் இங்கே வந்த எமி ஜான்சனின் புகழ் இதை மறைத்துவிட்டது வருத்தத்துக்குரியது.

அதே திடலில் 1926-இல் கற்ற மேரி பெய்லி சீமாட்டி 1928 மார்ச்சில் ஸ்டாக் லேனிலிருந்து கிளம்பி, ஆப்பிரிக்காவின் தென்முனை வரை போய், 1929 ஜனவரியில் திரும்பினார். ஆனால் ஹீத்தும் பெய்லியும் பணவசதி உள்ளவர்கள். வாரச் சம்பளத்தில் வாழ்ந்த ஒரு பெண்ணுக்கும் திடல் இடம் கொடுத்தது என்பதை 1928-இல் வந்த எமி ஜான்சன் காட்டினார். ஹல் நகரத்து மீன் வியாபாரியின் மகள்; ஷெஃபீல்டு பல்கலைக்கழகப் பட்டதாரி; லண்டனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சர். பெப் தோற்ற வழக்கறிஞர் தொழிலுக்குள் பெண்கள் வந்து அப்போது ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன.

எமி பறக்கக் கற்றதோடு நிற்கவில்லை. காலையில் அலுவலகத்துக்குப் போகும் முன்பும் மாலையிலும் கொட்டகையில் தலைமைப் பொறியாளர் ஜாக் ஹம்ஃப்ரீஸிடம் எஞ்சின் பழுது பார்க்கக் கற்றார். 1929 டிசம்பரில் தரைப் பொறியாளர் உரிமம் கிடைத்தது. வான்துறை அமைச்சகத்திடம் அதைப் பெற்ற முதல் பிரிட்டிஷ் பெண் அவர். கொட்டகை ஆட்கள் அவரை 'ஜானி' என்று அழைத்தார்கள். ஆண் பெயரைத் தந்தால்தான் அவரைத் தங்களில் ஒருவராக எண்ண முடிந்தது. அந்தப் பெயரில் அன்பு இருந்தது உண்மை. ஆனால் 'பொறியாளர்' என்ற சொல்லுக்குள் ஒரு பெண்ணை வைத்துப் பார்க்க அன்றைய மொழிக்கு வழி இல்லை என்பதும் உண்மை.

1930 மே 5 அன்று குரோய்டனிலிருந்து 'ஜேசன்' என்ற பழைய ஜிப்சி மாத் விமானத்தில் எமி தனியே கிளம்பினார். கராச்சிக்கு ஆறே நாள். அதுவரை எவரும் அவ்வளவு விரைவாக வந்ததில்லை. ஜான்சி, கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர் வழியாக மே 24 அன்று ஆஸ்திரேலியாவின் டார்வினில் இறங்கினார். சுமார் 11,000 மைல். வழியில் உடைந்த இறக்கையையும் முறிந்த உந்துவிசிறியையும் தாமே நின்று சரிசெய்ய வைத்தார். செய்தித்தாள்கள் இந்த 26 வயதுப் பொறியாளரை 'பெண்பிள்ளை', 'தட்டச்சுப் பெண்' என்றே எழுதின. அவரைப் பற்றிய பாட்டு ஊரெங்கும் ஒலித்தது. புகழுக்குக் குறைவில்லை. உரிமம் பெற்ற பொறியாளர் என்ற செய்தி மட்டும் அந்தப் புகழுக்குள் காணாமல் போனது. அதிசயம் என்று சொல்லப்பட்ட பெண்ணுக்கு விமானக் கம்பெனிகள் விமானி வேலை தர முன்வரவில்லை. சட்டம் தடுக்காத இடத்தில் வழக்குச்சொல் தடுத்தது.

எமி 1930-களின் நடுவில் தலைவராக இருந்த பெண் பொறியாளர் சங்கத்துக்கு இன்னொரு வரையறையோடு போராட வேண்டியிருந்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1919-ஆம் ஆண்டு உடன்படிக்கை, தொழிற்கூடங்களில் பெண்கள் இரவு வேலை செய்யக்கூடாது என்றது. நூற்பாலைகளில் பெண்களைச் சுரண்டுவதைத் தடுக்க வந்த நல்ல ஏற்பாடு. ஆனால் மின் நிலையங்களிலும் தொழிற்சாலைகளிலும் பொறியாளராகச் சேர்ந்த பெண்களையும் அது வீட்டுக்கு அனுப்பியது. இரவுப் பொறுப்பு ஏற்க முடியாதவருக்குப் பதவி உயர்வு ஏது? உடன்படிக்கையின் 'பெண்கள்' என்ற சொல், உடலுழைப்புச் செய்யாத மேற்பார்வைப் பெண்களையும் குறிக்கிறதா என்ற கேள்வி ஹேக் நகரின் நிரந்தரப் பன்னாட்டு நீதிமன்றம் வரை போனது. 1932 நவம்பர் 15 அன்று, 6-க்கு 5 என்ற கணக்கில், 'பெண்கள்' என்றால் எல்லாப் பெண்களும்தான் என்று நீதிமன்றம் கருத்துரைத்தது. இங்கே பெண்ணைச் சேர்த்துக்கொண்ட சொல்லே பெண்ணுக்குத் தடையானது. 1850-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரச்சினை இங்கே தலைகீழாக நிற்கிறது. சொல்லின் பொருளை மாற்ற முடியாதபோது சொல்லையே மாற்ற வேண்டியிருந்தது. 1934-இல் உடன்படிக்கை திருத்தப்பட்டு, பொறுப்புள்ள நிர்வாகப் பதவியில் இருக்கும் பெண்களுக்கு விலக்கு எழுதிச் சேர்க்கப்பட்டது.

இதற்கிடையே கிங்ஸ்பரி மாறிவிட்டது. 1932 டிசம்பரில் ரயில் நிலையம் திறந்ததும் வீட்டுமனை விலை ஏறியது. டி ஹாவிலண்ட் கம்பெனி திடலை விற்று, 1934 வாக்கில் ஹாட்ஃபீல்டுக்குப் பெயர்ந்தது. எஞ்சின் தொழிற்சாலை மட்டும் ஸ்டாக் லேனில் தங்கியது. திடலின் மேல் தெருக்கள் எழுந்தன. அருகே உள்ள மாலிசன் வே என்ற தெருப் பெயர், எமியின் கணவரும் வானோடியுமான ஜிம் மாலிசனின் குடும்பப் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இரண்டாம் உலகப்போரில், ஒரே வேலைக்கு ஒரே கூலியா என்ற கேள்வி மறுபடி எழுந்தது. தொழிற்சாலையிலிருந்து படைத்தளத்துக்கு விமானங்களைக் கொண்டு சேர்க்கும் வான்போக்குவரத்துத் துணைப்படையில் 1940 ஜனவரி 1 அன்று எட்டுப் பெண்கள், பாலின் கவர் தலைமையில், ஹாட்ஃபீல்டில் பணியேற்றார்கள். ஸ்டாக் லேன் கழகத்தில் பயின்றவர் கவர். முதலில் பயிற்சி விமானங்கள் மட்டுமே தரப்பட்டன. போகப் போக ஸ்பிட்ஃபயரும் நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானமும் அவர்கள் கைக்கு வந்தன. ஆண்களைவிட 20 விழுக்காடு குறைந்த சம்பளம். அதே விமானம், அதே மூடுபனி, அதே ஆபத்து. எமி ஜான்சன் 1941 ஜனவரி 5 அன்று இந்தப் பணியில்தான் தேம்ஸ் முகத்துவாரத்தில் விழுந்து மாண்டார். 1943-இல் கவரின் விடாமுயற்சியால் சம்பளம் சமமானது. விமானியின் வேலையைத் துண்டாடி வேறு பெயர் சூட்ட முடியாது. ஒருவர் விமானத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தார், அல்லது சேர்க்கவில்லை. அதனால்தான் வெற்றி எளிதாயிற்று.

தொழிற்சாலையில் அப்படி இல்லை. 1940 மே மாதம் பொறியியல் முதலாளிகளும் தொழிற்சங்கமும் செய்த ஒப்பந்தம், ஆண் வேலை செய்யும் பெண்ணுக்கு 32 வாரத்துக்குப் பின் முழுக்கூலி என்றது. ஆனால் 'கூடுதல் மேற்பார்வையோ உதவியோ இல்லாமல்' செய்தால்தான். எந்திரத்தை ஓர் ஆண் பொருத்திக் கொடுத்தால் அது உதவி. கனமான தட்டை ஓர் ஆண் தூக்கி வைத்தால் அதுவும் உதவி. இந்த விளக்கத்தில் முழுக்கூலி பெற்றவர்கள் சிலரே. 1943-இல் கிளாஸ்கோ அருகே ஹில்லிங்டனில் ரோல்ஸ் ராய்ஸ் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபின் ஒரு தீர்வு கிடைத்தது. ஆள் யார் என்று பார்க்காமல், எந்த எந்திரத்தில் என்ன வேலை என்று பட்டியலிட்டுக் கூலி வகுத்தார்கள். பியட்ரிஸ் வெப் 1919-இல் எழுதியது ஓரிடத்திலாவது நடைமுறைக்கு வர 24 ஆண்டுகள் பிடித்தன.

இந்தியாவில் இதே பிரச்சினை விமானத்துக்குள்ளேயே எழுந்தது. ஏர் இந்தியாவில் பயணிகளுக்குப் பணி செய்த ஆணுக்கு 'உதவி விமான பர்சர்' என்று பெயர். பெண்ணுக்கு 'ஏர் ஹோஸ்டஸ்', தமிழ் நாளேடுகளில் 'விமானப் பணிப்பெண்'. ஆண் 58 வயது வரை வேலை செய்ய முடிந்தது. பெண் 35 வயதில், அல்லது பணியில் சேர்ந்த நான்கு ஆண்டுக்குள் மணமானால், அல்லது முதல் முறை கருவுற்றால், இவற்றில் எது முந்தியோ அப்போது ஓய்வு பெற வேண்டியிருந்தது. நெர்கேஷ் மிர்சா வழக்கில் 1981 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கருவுற்றால் நீக்கும் விதியைக் கடுமையாகக் கண்டித்து ரத்து செய்தது. ஆனால் இரண்டும் வெவ்வேறு பதவிப் பிரிவுகள், ஆகவே வெவ்வேறு நிபந்தனை இருக்கலாம் என்று ஏற்றுக்கொண்டு, நான்கு ஆண்டு மணத்தடையை நிலைநிறுத்தியது. ஒரே விமானத்தில் ஒரே உணவுத்தட்டை நீட்டியவர்களுக்கு இரண்டு பெயர் இருந்ததே வேறுபாட்டுக்குப் போதிய சான்றாகிவிட்டது. தீர்ப்பின் இந்தப் பகுதி தவறு என்றே சொல்ல வேண்டும். பெயரை வைத்தது கம்பெனி, அந்தப் பெயரையே ஆதாரமாக ஏற்றது நீதிமன்றம்.

பிரிட்டிஷ் அரசு 2007 முதல் தன் சட்டமுன்வரைவுகளை ஆண்பாற் சொல்லால் எழுதுவதைக் கைவிட்டது. 1850-ஆம் ஆண்டின் ஏற்பாடு அதோடு நடைமுறையில் முடிவுக்கு வந்தது எனலாம். வான்துறையில் அந்த முடிவு இன்னும் வரவில்லை. விமானிகளுக்கு அன்றாடம் விடப்படும் எச்சரிக்கைக்கு 'நோட்டம்' என்று பெயர். விரித்தால் 'வான் ஆண்களுக்கான அறிவிப்பு'. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2021 டிசம்பரில் சுருக்கப் பெயரை மாற்றாமல் அதன் விரிவை 'வான்பணிகளுக்கான அறிவிப்பு' என்று திருத்தியது. 2025 பிப்ரவரியில் மீண்டும் பழைய விரிவுக்கே திரும்பிவிட்டது.